டர்போ கார்களில் எஞ்சின் பழுதறிதலின் வரலாறு

டர்போசார்ஜர் என்பது எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகையின் விசையால் இயங்கும் காற்றழுத்தக் கருவி ஆகும். புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, சிலிண்டர்களுக்குள் அனுப்புகிறது. காற்று கூடினால் கூடுதல் எரிபொருளை எரிக்கலாம். அதனால் சிறிய எஞ்சினும் பெரிய எஞ்சினின் திறனைத் தருகிறது. கூடவே வெப்பமும் அழுத்தமும் உயர்கின்றன. எனவே டர்போ எஞ்சினில் ஏற்படும் சிறு குறைகூடப் பெரிய சேதத்தில் முடியக்கூடும்.

1960களிலிருந்து 1980கள் வரை வெளிவந்த டர்போ கார்கள் இன்று பல நாடுகளில் மீட்டுச் சீரமைக்கப்படுகின்றன. இவற்றில் பழுதறியும்போது மிகுதியாக நிகழும் தவறு, எந்தக் குறைக்கும் முதலில் டர்போவையே குற்றம் சாட்டுவதாகும். உண்மையான காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும். அந்த இடம் எது என்பதைக் கண்டறிய, அந்த எஞ்சின் தொழில்நுட்ப வளர்ச்சியின் எந்தக் கட்டத்தில் உருவானது என்பதை அறிவது உதவுகிறது.

தொடக்கம்

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூகி 1905ஆம் ஆண்டில் இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். எஞ்சினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதி புகையோடு வீணாகிறது என்பதே அவருடைய சிந்தனையின் தொடக்கம். அக்கால உலோகங்கள் அந்த வெப்பத்தைத் தாங்கும் தரத்தில் இல்லாததால், கப்பல் டீசல் எஞ்சின்களில் இக்கருத்து பயன்பாட்டுக்கு வர 1920கள் ஆயின.

இதற்கிடையில் முதல் உலகப் போர் வானூர்தி எஞ்சின்களை முன்னிறுத்தியது. உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்து எஞ்சினின் திறன் குறைந்தது. அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் சான்போர்டு மாஸ், 1918இல் கொலராடோ மாநிலத்தின் பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு லிபர்ட்டி வானூர்தி எஞ்சின் ஒன்றைக் கொண்டுசென்று சோதித்தார். சுமார் 4,300 மீட்டர் உயரத்தில், டர்போவின் உதவியால் அந்த எஞ்சின் கடல் மட்டத்தில் தந்த அளவு திறனைத் தந்தது.

கப்பலிலும் வானூர்தியிலும் எஞ்சினைக் கவனிக்கப் பயிற்சி பெற்ற ஆட்கள் இருந்தனர். அழுத்தம், வெப்பம், எண்ணெயின் நிலை ஆகியவற்றை அளவுமானிகளில் பார்த்துக் குறித்துக்கொள்வது அவர்களது அன்றாடப் பணியாக இருந்தது. டர்போ காருக்குள் வந்தபோது அந்தக் கவனிப்பு உடன் வரவில்லை. கார் ஓட்டுநர் சாவியைத் திருப்பி வண்டியை எடுப்பவர். டர்போ கார்களின் பழுதறிதல் சிக்கல் இங்கிருந்தே தொடங்குகிறது.

1962: முதல் டர்போ கார்கள்

1962இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் குழுமம் இரண்டு டர்போ கார்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒன்று செவ்ரோலெட் கோர்வேர் மோன்சா ஸ்பைடர். மற்றொன்று ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர். ஜெட்ஃபயரின் 3.5 லிட்டர் அலுமினிய எஞ்சின் 215 குதிரைத்திறன் தந்தது.

ஜெட்ஃபயரின் அழுத்த விகிதம் 10.25:1. டர்போ எஞ்சினுக்கு இது மிக உயர்வு. இத்தகைய எஞ்சினில் கலவை சீராக எரியாமல், சிலிண்டரின் ஓரத்தில் தானாகவே வெடித்து எரியும் ஆபத்து உண்டு. இதை 'தட்டல்' என்பர். வெளியே உலோகத்தைச் சுத்தியால் தட்டுவது போன்ற ஒலி கேட்கும். உள்ளே பிஸ்டன் சிதையும். இதைத் தடுக்க, காய்ச்சி வடித்த நீரும் மெத்தனாலும் கலந்த திரவம் ஒன்று எஞ்சினுக்குள் செலுத்தப்பட்டது. அதற்குத் தனித் தொட்டி இருந்தது; ஓட்டுநர்தான் அதை நிரப்பி வைக்க வேண்டும்.

பலர் நிரப்பவில்லை. தொட்டி காலியானால் எஞ்சினைக் காக்கும் பொருட்டு ஒரு தடுப்பு வால்வு டர்போவின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். ஓட்டுநருக்கு 'வண்டி இழுக்கவில்லை' என்பது மட்டுமே தெரிந்தது. அந்த எஞ்சின் பழுதாகவில்லை, தன்னைக் காத்துக்கொண்டிருந்தது. ஆனால் அதைப் படித்தறியும் பழக்கம் சாலையோரப் பட்டறைகளில் அப்போது இல்லை. ஜெட்ஃபயர் 1963உடன் நின்றது. பின்னர் 1965இல், உரிமையாளர் விரும்பினால் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் பொருத்தித் தரும் ஏற்பாட்டை நிறுவனமே செய்தது. அதனால் டர்போவுடன் இன்றுவரை எஞ்சிய ஜெட்ஃபயர்கள் அரியனவாயின.

ஐரோப்பிய முயற்சிகள்

1973இல் பிராங்பர்ட் கண்காட்சியில் பிஎம்டபிள்யூ 2002 டர்போ அறிமுகமானது. 2 லிட்டர் எஞ்சினிலிருந்து 170 குதிரைத்திறன் பெறப்பட்டது. தட்டலைத் தவிர்க்க அழுத்த விகிதம் 6.9:1 ஆகக் குறைக்கப்பட்டது. இதனால் குறைந்த வேகத்தில் எஞ்சின் மந்தமாக இருந்து, பின்னர் திடீரென்று பாயும். அதே ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, மொத்தம் 1,672 கார்களோடு உற்பத்தி நின்றது. 1974இல் பாரிஸ் கண்காட்சியில் 260 குதிரைத்திறன் கொண்ட போர்ஷே 911 டர்போ வந்தது. இரண்டும் வேகத்தை விரும்பியோருக்கான கார்கள்.

அன்றாடப் பயன்பாட்டுக் குடும்பக் காரில் டர்போவைப் பொருத்தி நிலைபெறச் செய்த நிறுவனங்களில் சுவீடனின் சாப் குறிப்பிடத்தக்கது. அதன் 99 டர்போ 1977இல் பிராங்பர்ட்டில் காட்டப்பட்டு, 1978 முதல் விற்பனையானது. பெர் கில்பிராண்டு என்ற பொறியாளர் இம்முயற்சியில் முன்னின்றார். எஞ்சினின் கொள்ளளவு 1,985 கன சென்டிமீட்டர். அழுத்த விகிதம் 7.2:1, திறன் 145 குதிரைத்திறன்.

சாப் பொறியாளர்கள் சிறிய டர்போவைத் தேர்ந்தெடுத்தனர். அது குறைந்த வேகத்திலேயே சுழன்று அழுத்தம் தரும். வேகம் கூடியதும் அழுத்தம் அளவு மீறாதிருக்க, புகையின் ஒரு பகுதியை டர்போவுக்குள் விடாமல் நேரே சைலன்சருக்குத் திருப்பும் வழிவிடு வால்வு அமைக்கப்பட்டது. அழுத்தம் சுமார் 0.7 பாரில் நிறுத்தப்பட்டது. 1979 சுவீடன் ராலிப் போட்டியில் ஸ்டிக் பிளோம்கிவிஸ்ட் இக்காரை ஓட்டி வென்றார். உலக ராலிப் போட்டித் தொடரில் டர்போ கார் பெற்ற முதல் வெற்றி அது.

காற்றைப் பின்தொடர்தல்

சாப் 99 டர்போவிலும் தொடக்ககால 900 டர்போவிலும் எரிபொருளை அளித்தது போஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக் அமைப்பு. இதில் கணினி கிடையாது. உள்ளே வரும் காற்று ஒரு வட்டத் தட்டைத் தூக்கும். தட்டு உயரும் அளவுக்கேற்ப எரிபொருள் பங்கிடப்படும். இந்தத் தட்டு டர்போவுக்கு முன்பே அமைந்துள்ளது. தட்டைக் கடக்காமல் நுழையும் காற்று கணக்கில் வராது. தட்டைக் கடந்தபின் வழியில் வெளியேறும் காற்றுக்கும் எரிபொருள் அளிக்கப்பட்டுவிடும்.

எனவே காற்றுக்கசிவு எங்கே உள்ளது என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். த்ராட்டில் வால்வுக்கு அப்பால், சிலிண்டர்ப் பக்கம் ஒரு கேஸ்கட் விட்டிருந்தால், எஞ்சின் நின்ற இடத்தில் ஓடும்போது கணக்கில் வராத காற்று உள்ளே இழுக்கப்படும். கலவையில் எரிபொருள் குறைந்து எஞ்சின் தடுமாறும். அதே கார் வேகமெடுத்து டர்போ அழுத்தம் ஏறியதும், அதே ஓட்டை வழியே காற்று வெளியே தள்ளப்படும். இப்போது எரிபொருள் மிகுந்து கரும்புகை வரும். ஒரே ஓட்டைக்கு நேரெதிரான இரு அறிகுறிகள்! இதை அறியாத மெக்கானிக், தடுமாற்றத்தைப் போக்க எரிபொருளைக் கூட்டுவார். பிறகு கரும்புகையைக் கண்டு குறைப்பார். சிக்கல் தீராது.

டர்போவிலிருந்து த்ராட்டில் வால்வு வரையிலான குழாயில் கசிந்தால், நின்ற இடத்தில் எஞ்சின் சீராக ஓடும். ஏற்றத்தில் மட்டும் இழுக்காது. தட்டுக்கும் டர்போவுக்கும் இடைப்பட்ட ரப்பர்க் குழாய் வெடித்திருந்தால்தான் ஆபத்து மிகுதி. அங்கே எப்போதும் காற்று உள்ளேதான் இழுக்கப்படும். எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது எரிபொருள் போதாமல் வெப்பம் எகிறி, பிஸ்டனில் துளை விழக்கூடும்.

இவ்வகை எஞ்சின்களில் பழைய மெக்கானிக்குகள் கையாண்ட எளிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறப்பார்கள். அந்த வழியே கணக்கில் வராத காற்று புகுவதால் எஞ்சின் தடுமாற வேண்டும். எந்த மாற்றமும் இல்லையென்றால், வேறெங்கோ ஏற்கெனவே பெரிய கசிவு இருக்கிறதா என்று தேடத் தொடங்குவார்கள்.

வழிவிடு வால்வும் இதேபோல் ஏமாற்றும். அதை இயக்கும் அழுத்தம் ஒரு சிறு குழாய் வழியே வருகிறது. அக்குழாய் விரிசல் விட்டால் வால்வு திறக்காது. டர்போ அழுத்தம் அளவு மீறும். அப்போது சாப் டர்போ கார்களில் ஒரு பாதுகாப்புச் சுவிட்சு எரிபொருள் பம்பை நிறுத்திவிடும். கார் பாய்ந்து செல்லும்போது திடீரென்று வெட்டி நிற்பதைக் கண்டு புதிய பம்பு வாங்கி மாட்டினால், அதுவும் அதேபோல் வெட்டும். மாற்ற வேண்டியிருந்தது அந்தச் சிறு குழாயைத்தான்.

எண்ணெயும் வெப்பமும்

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. வேகமாக ஓட்டி வந்து உடனே எஞ்சினை நிறுத்தினால் எண்ணெய் ஓட்டம் நின்றுவிடும். டர்போ வீட்டின் வெப்பம் மட்டும் நிற்காது. தேங்கிய எண்ணெய் கருகிக் கரியாகப் படியும். அக்கரி எண்ணெய் வழியை அடைத்து, பேரிங்கைத் தேய்க்கும். நிறுத்துவதற்கு முன் ஓரிரு நிமிடம் எஞ்சினை மெதுவாக ஓட விட வேண்டும் என்ற அறிவுரை இதனால் வந்தது. 1980களில் டர்போவைச் சுற்றி நீர் ஓடும் அமைப்பு பரவலானதும் இச்சிக்கல் வெகுவாகக் குறைந்தது. ஆகவே நீரால் குளிர்விக்கப்படாத டர்போ உள்ள காரை மீட்டெடுப்பவர் எண்ணெய் வழிகளை முதலில் பார்ப்பது வழக்கம்.

புகையின் நிறம் பழுதறிதலின் பழைய கருவி. கரும்புகை எரிபொருள் மிகுதியைக் காட்டும். இனிப்பு வாடையுடன் நீடிக்கும் வெண்புகை, குளிர்விக்கும் நீர் சிலிண்டருக்குள் கசிவதைக் காட்டும். நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். நீலப்புகை கண்டதும் டர்போ போய்விட்டது என்று முடிவு கட்டுவது பரவலான தவறு. டர்போத் தண்டின் இருமுனையிலும் உள்ள அடைப்பு வளையங்கள் அழுத்த வேறுபாட்டை நம்பி வேலை செய்கின்றன. டர்போவிலிருந்து எண்ணெய் கீழே வடியும் குழாய் அடைத்திருந்தாலோ, தேய்ந்த பிஸ்டன் வளையங்களால் எஞ்சின் அடியறையில் அழுத்தம் கூடியிருந்தாலோ, நல்ல டர்போவும் எண்ணெயைக் கக்கும். காரணத்தை விட்டுவிட்டுப் புதிய டர்போ மாட்டினால் அதுவும் புகைக்கும்.

தட்டலைக் கேட்கும் கருவி

1982 மாதிரி ஆண்டில் சாப் 900 டர்போவில் ஏபிசி என்ற தானியங்கிக் கட்டுப்பாட்டு அமைப்பு வந்தது. இதை உருவாக்கியதிலும் கில்பிராண்டின் பங்கு பெரிது. எஞ்சின் உடலில் பொருத்தப்பட்ட உணரி தட்டலின் அதிர்வைக் கேட்கும். தட்டல் தொடங்கியதும் மின்னணுப் பெட்டி ஒரு வால்வை இயக்கி டர்போ அழுத்தத்தைக் குறைக்கும். தட்டல் நின்றதும் மீண்டும் கூட்டும். எரிபொருளின் தரம் எதுவானாலும், எஞ்சின் தாங்கும் எல்லைக்கு அருகிலேயே ஓட இதனால் முடிந்தது. அழுத்த விகிதத்தை 8.5:1 ஆகவும், பின்னர் வந்த 16 வால்வு எஞ்சினில் 9:1 ஆகவும் உயர்த்த இது வழிவிட்டது. அந்த 16 வால்வு எஞ்சின் 175 குதிரைத்திறன் தந்தது.

பழுதறிதலில் இது ஒரு திருப்பம். அதுவரை மெக்கானிக்கின் காதுதான் தட்டலைக் கேட்டது. இனி எஞ்சினே கேட்டது. ஆனால் கேட்டதை அது வெளியே சொல்லவில்லை. ஓட்டுநருக்குத் தெரிவதெல்லாம் அழுத்தமானியின் முள் பாதியில் நிற்பது மட்டுமே. முன்பு ஜெட்ஃபயரில் நடந்ததே இங்கும் நடந்தது. டர்போவுக்கு வயதாகிவிட்டது என்று எண்ணி, சிலர் வழிவிடு வால்வின் கம்பியை முறுக்கி அழுத்தத்தைக் கூட்டினர். உண்மையில் எரிபொருள் பம்பு தளர்ந்தோ, தீப்பொறி நேரம் பிசகியோ, ரேடியேட்டர் அடைத்தோ தட்டல் எழுந்திருக்கலாம். அதைக் கேட்டு ஏபிசி அழுத்தத்தைக் குறைத்திருக்கலாம். காவலைத் தாண்டி அழுத்தத்தைக் கூட்டுவது, எஞ்சினின் எச்சரிக்கையை அணைப்பதற்குச் சமம்.

எஞ்சின் பேசத் தொடங்கிய காலம்

1990களின் தொடக்கத்தில் சாப் உருவாக்கிய டிரையானிக் அமைப்பு எரிபொருள், தீப்பொறி, டர்போ அழுத்தம் மூன்றையும் ஒரே கணினியின்கீழ்க் கொண்டுவந்தது. தட்டலைக் கேட்கத் தனி உணரி தேவைப்படவில்லை. தீப்பொறி அடித்து முடிந்ததும் ஸ்பார்க் பிளக்கின் முனைகளுக்கிடையே பாயும் சிறு மின்னோட்டத்தை அளந்தே, உள்ளே கலவை எப்படி எரிந்தது என்று கணினி அறிந்துகொண்டது.

இதே காலத்தில் காற்று மாசுச் சட்டங்கள் பழுதறிதலை எல்லாருக்கும் பொதுவாக்கின. கலிபோர்னியா மாநிலம் 1988 மாதிரி ஆண்டு முதல் கார்களில் தற்சோதனை வசதியைக் கோரியது. 1996 முதல் அமெரிக்கா முழுவதும் ஒரே வகைச் செருகியும் ஒரே வகைக் குறியீட்டு எண்களும் கட்டாயமாயின. ஐரோப்பிய ஒன்றியத்தில் பெட்ரோல் கார்களுக்கு 2001இல் இத்தகைய விதி நடைமுறைக்கு வந்தது. அதற்குப்பின் பயிற்சி பெற்ற மெக்கானிக்குகள் குறியீட்டு எண்ணைப் படித்துத் தொடங்கப் பழகினர். செருகி இல்லாத பழைய காரில் அந்தத் தொடக்கப்புள்ளி கிடைக்காது. அங்கே அளவுமானி, காது, மூக்கு, முறையான சிந்தனை ஆகியவையே கருவிகள்.

மீட்டெடுப்பில் சோதனை வரிசை

பல ஆண்டுகள் நின்ற டர்போ காரை உடனே ஓட்டிப் பார்ப்பது எஞ்சினை இழக்கும் வழி. சிலிண்டர்களில் சிறிது எண்ணெய் விட்டு எஞ்சினைக் கையால் சுழற்றுவது முதல் படி. பழைய பெட்ரோலை வடித்துவிட்டுத் தொட்டியில் துரு உள்ளதா என்று பார்ப்பது அடுத்தது. கே-ஜெட்ரானிக் பங்கீட்டுக் கருவியின் நுண்ணிய உருளை நெடுநாள் நின்றால் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது.

பின்னர் சிலிண்டர் அழுத்தம் அளக்கப்படும். ஒரு சிலிண்டரில் மட்டும் அளவு குறைந்தால் அதில் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளப்பர். அளவு ஏறினால் குறை பிஸ்டன் வளையத்தில். ஏறாவிட்டால் வால்விலோ சிலிண்டர் தலை கேஸ்கட்டிலோ இருக்கும். அடுத்து எரிபொருள் அழுத்தம், தீப்பொறி நேரம், காற்றுக்கசிவு ஆகியவை இவ்வரிசையில் சோதிக்கப்படும். டர்போத் தண்டைக் கையால் அசைத்து, சக்கரம் வீட்டுச் சுவரில் உரசுகிறதா என்று பார்ப்பது இவற்றுக்குப் பிறகே. எல்லாம் சரியான பின்புதான் சாலையில் டர்போ அழுத்தம் ஏற்றிப் பார்க்கப்படும்.

இவ்வரிசைக்குக் காரணம் எளிது. டர்போ புதிதாகக் குறைகளை உண்டாக்குவதைவிட, ஏற்கெனவே உள்ள குறைகளைப் பெருக்கிக் காட்டுகிறது. சாதாரண எஞ்சினில் சிறு தடுமாற்றமாக முடியும் எரிபொருள் குறைவு, டர்போ எஞ்சினில் பிஸ்டனை உருக்கும். எனவே எஞ்சினின் அடிப்படை நலம் உறுதியாகும் முன் அழுத்தத்தைத் தொடக்கூடாது.

இன்றைய நிலை

சாப் கார் நிறுவனம் 2011 டிசம்பரில் நொடித்துப்போனது. அதன் டர்போ கார்கள் பலவற்றை டிரோல்ஹாட்டன் நகரிலுள்ள சாப் அருங்காட்சியகத்தில் காணலாம். அக்கார்களோடு வாழ்ந்த மெக்கானிக்குகள் ஓய்வு பெற்று வருகின்றனர். உதிரி பாகங்களைத் தேடிப்பிடிக்க முடியும். ஒரு கரும்புகைக்குப் பின்னால் கேஸ்கட்டைத் தேட வேண்டும் என்ற அறிவை அப்படி வாங்க முடியாது.

இதனால் மீட்டெடுப்பில் ஈடுபடுவோர் பலர் ஒவ்வொரு சோதனையின் அளவையும் தேதியோடு குறித்து வைக்கின்றனர். எந்தச் சிலிண்டரில் எத்தனை பார், எந்த வேகத்தில் எவ்வளவு டர்போ அழுத்தம், எதை மாற்றியபின் எது மாறியது என்ற குறிப்புகள் அவை. தன் குறையைச் சொல்லத் தெரியாத காலத்து எஞ்சினுக்கு, அடுத்து அதைத் திறப்பவர் படிக்கக்கூடிய வரலாறு அக்குறிப்பேடே.